தாரணிக்குப் பெண் குழந்தை

காலை ஏழு நாற்பதுக்கு அன்புக்கரசி பொம்மைக்கு இரத்த அழுத்தம் பார்த்தாள். நூற்றிருபதுக்கு எண்பது. நேற்றும் அதுதான், மூன்று மாதமாக அதுதான். ரப்பர் கையில் பட்டையைச் சுற்றி, காற்றடித்து, இறக்கி, கேஸ் ஷீட்டில் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். சுற்றாமலே எழுதலாம்தான். ஆனால் பார்க்காததைப் பார்த்ததாக எழுதுவது அவளுக்குப் பழக்கமில்லை.

"இன்னா சிஸ்டர், அம்மாவுக்குப் பிரஷர் எவ்ளோ கீது?" என்றாள் ஆயா பட்டம்மா, தரையைத் துடைத்துக்கொண்டே.

"நார்மல்."

"அதுக்கு இன்னாத்துக்கு ஏறப் போவுது? புருசனா, மாமியாரா? நிம்மதியா படுத்துக்கினு கீது. எனக்குப் பாரு, நூத்தி எழுவது."

கோபாலபுரத்தின் ஒரு பழைய பங்களாவில் இருந்தது உலகம்மாள் நினைவு தாய்சேய் நல மருத்துவமனை. தி. நகரில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் சண்முகசுந்தரம் தன் தாயார் பெயரில் நடத்தும் தர்ம ஆஸ்பத்திரி. வார்டில் பதினான்கு படுக்கைகள். அன்றைக்கு இருபத்தொரு தாய்மார்கள். சில படுக்கைகளில் இருவர், சிலர் பாயில். பதினாலாம் படுக்கை ஜன்னலோரம், மின்விசிறிக்கு நேர் கீழே. அதில் பொம்மை மட்டும் தனியாகப் படுத்திருந்தது.

பொம்மை ஜூன் மாதம் வந்தது. நர்சுகள் பிரசவம் பார்க்கப் பழகுவதற்காக யாரோ நன்கொடையாகக் கொடுத்தது. ஐந்தடி இரண்டங்குலம். வயிற்றில் ஒரு மூடி. திறந்தால் உள்ளே ரப்பர் குழந்தை. பின்பக்கத்துப் பம்பை அமுக்கினால் சிவப்புத் தண்ணீர் வரும். அதை வைக்க இடமில்லை. பொருள் அறையில் சண்முகசுந்தரத்துக்கு வந்த கேடயங்கள் இருந்தன. நடையில் வைக்கத் தீயணைப்பு விதி இடம் கொடுக்கவில்லை. ஒரு நாளைக்கு மட்டும் என்று பதினாலாம் படுக்கையில் கிடத்தினார்கள்.

கணினிக்குப் படுக்கை என்றால் இரண்டே நிலை. காலி, அல்லது ஆள் இருக்கிறது. அது பதினாலைக் காலி என்று நினைத்து மறுநாளே ஒரு பெண்ணுக்கு ஒதுக்கியது. அவள் போர்வையை விலக்கிவிட்டு அலறியதில் வார்டே எழுந்து உட்கார்ந்தது.

தர மேம்பாட்டு அதிகாரி ஆனந்தகுமார் இதற்கு ஒரே நாளில் தீர்வு கண்டான். பொம்மையை அட்மிட் செய்துவிட்டான்.

"எதுக்கு சார்?" என்றாள் அன்புக்கரசி.

"சிஸ்டர், சிஸ்டத்துல இல்லாதது படுக்கையில இருக்கக் கூடாது. படுக்கையில இருக்கிறது சிஸ்டத்துல இல்லாம இருக்கக் கூடாது. ரெண்டும் ஒண்ணுதான். ஆனா ரெண்டுக்கும் தனித்தனி ஃபார்ம்."

பெயர், தாரணி. வயது, இருபத்துநான்கு. கர்ப்பம், முப்பத்தெட்டு வாரம். கணவர் பெயர் என்ற கட்டத்தை நிரப்பாமல் கணினி அடுத்த பக்கம் போக மறுத்தது. ஆனந்தகுமார் தாடையைத் தடவினான். பிறகு 'அறங்காவலர் குழு' என்று அடித்தான். கணினி ஏற்றுக்கொண்டது.

அட்மிட் ஆன பிறகு நடக்க வேண்டியதெல்லாம் நடந்தது. காலையில் கஞ்சி வந்தது, மதியம் கீரையும் முட்டையும் வந்தன. முட்டையைப் பட்டம்மா தின்றாள். இரும்புச்சத்து மாத்திரையை யாரும் தின்னவில்லை. அது டிராயரில் சேர்ந்தது. ஊட்டச்சத்து ஆலோசகர் வந்து படுக்கையருகே நின்று பேரீச்சம்பழத்தின் நன்மைகளைப் பத்து நிமிடம் சொல்லிவிட்டுப் போனாள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை இரத்த அழுத்தம் எழுத வேண்டும். மாதக் கடைசியில் திருப்திப் படிவம். தாரணி எந்தக் குறையும் சொல்லவில்லை. ஜூலை மாதத்தின் சிறந்த நோயாளியாக அவள் படம் நுழைவாயிலில் மாட்டப்பட்டது.

ஒரே ஒரு சிக்கல்தான். முப்பத்தெட்டு வாரம் நாற்பதானது, நாற்பத்திரண்டானது. கணினித் திரை சிவப்பாகி 'காலம் கடந்த கர்ப்பம்' என்று துடித்தது. அதற்கும் ஆனந்தகுமார் வழி கண்டான். திங்கள்தோறும் ஒரு வாரத்தைக் குறைத்தான்.

"டிஸ்சார்ஜ் பண்ணிடலாமே சார்?" என்று ஒருமுறை கேட்டாள் அன்புக்கரசி.

"பிரசவம் ஆகாம எப்படி டிஸ்சார்ஜ் பண்றது? சொந்தப் பொறுப்பில் அழைத்துப் போறேன்னு கணவர் கையெழுத்துப் போடணும். கணவர் அறங்காவலர் குழு. குழு மூணு மாசத்துக்கு ஒருதரம்தான் கூடும்."

ஆகஸ்டில் குழு கூடியது. டிஸ்சார்ஜ் பற்றிப் பேசவில்லை. தாரணிக்கு வளைகாப்பு நடத்துவது என்று ஒருமனதாகத் தீர்மானித்தது.

தி. நகர் கடையிலிருந்து அரக்குப் பட்டு வந்தது. ஐந்து வகைக் கலவை சாதம் வந்தது. வளையல் போட ஜாம்பஜாரிலிருந்து ஹாஜிரா பீ வந்தாள். வண்டியில் கண்ணாடி வளையல் விற்கிறவள். பொம்மையின் கையைப் பிடித்ததும் அவள் விரல்கள் நின்றன. விரலை மடக்கி, கணுவை அமுக்கி ஏற்றுவது அவள் வித்தை. இந்த விரல் மடங்கவில்லை. நாலு வளையல் உடைந்தது.

"இன்னாம்மா இது? ரத்த ஓட்டமே இல்லாத கை!"

"போடும்மா, அண்ணாச்சி பார்க்கிறார்" என்றான் ஆனந்தகுமார், சண்முகசுந்தரம் இருந்த பக்கம் கண்ணைக் காட்டி.

கடைசியில் நூலில் கோத்துக் கட்டிவிட்டாள். போகும்போது அன்புக்கரசியிடம் வந்து மெதுவாகச் சொன்னாள். "என் பொண்ணு புஷ்ரா பேரும் இங்கதான் பதிஞ்சிருக்கு. செப்டம்பர்ல தேதி. ஒரு பொம்மைய இப்டிப் பாத்துக்கிறீங்களே! மனுசங்கள எப்டிப் பாத்துப்பீங்க? எனக்குக் கவலையே இல்ல."

அவள் கிண்டல் செய்யவில்லை. மெய்யாகத்தான் சொன்னாள். அன்புக்கரசி சாதப் பொட்டலத்தை அவள் கையில் வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள்.

சண்முகசுந்தரம் மைக்கைப் பிடித்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு.

"எங்கம்மா உலகம்மாள் ஒம்பது பெத்தா. ஒரு நாள் ஆஸ்பத்திரி வாசலை மிதிச்சதில்ல. அதுல நாலு தங்கிச்சு. அதனாலதான் அவ பேருல ஆஸ்பத்திரி வச்சேன். எங்க கடைக்கு வந்து பாருங்க. வாசல்ல பன்னெண்டு பொம்மை நிக்கி. காலையில சேலை கட்டிவிட்டா கடை அடைக்கிற வரைக்கும் அப்படியே நிக்கும். உக்காரணும்னு கேக்காது. ஒண்ணுக்குப் போகணும்னு கேக்காது. அதைப் பாத்துப் படிச்சிக்கிடுங்கன்னு சேல்ஸ் பொண்ணுங்ககிட்ட சொல்லுவேன். இங்க இருக்கிற தாய்மாருங்களுக்கும் அதான் சொல்லுதேன். தாரணியைப் பாத்துப் படிச்சிக்கிடுங்க. எத்தனை அமைதி! எத்தனை பொறுமை!"

எல்லோரும் கைதட்டினார்கள். பாயில் படுத்திருந்தவர்களும் தட்டினார்கள். அன்புக்கரசியும் தட்டினாள்.

அதன் பிறகுதான் 'கண்ணியமான பிரசவம்' என்ற சான்றிதழ் பற்றிய பேச்சு வந்தது. அந்தச் சான்றிதழுக்கு நூற்றிரண்டு விதிகள். அது கிடைத்தால் ஒப்பந்த நர்சுகளில் மூன்று பேரை நிரந்தரமாக்குவதாகக் குழு சொல்லியிருந்தது. அன்புக்கரசி நான்கு வருடமாக ஒப்பந்தத்தில் இருந்தாள். அடையாறில் ஒரு விடுதியில் நான்கு பேரோடு ஓர் அறை. பட்டியலில் அவள் பெயர் மூன்றாவது என்று ஆனந்தகுமார் சொல்லியிருந்தான். நான்காவதாக யார் என்பதையும் சொல்லியிருந்தான்.

தினமும் மூன்று மணிக்கு ஒத்திகை. பொம்மையிடம்.

முதல் விதி, திரையைத் தட்டிவிட்டு உள்ளே போக வேண்டும். துணித் திரையை எப்படித் தட்டுவது என்று பட்டம்மா கேட்டாள். ஆனந்தகுமார் ஒரு பழைய கதவைக் கொண்டுவந்து திரைக்கு முன்னால் நிறுத்தினான். கதவைத் தட்டிவிட்டு, அதைச் சுற்றிக்கொண்டு, திரையை விலக்கிப் போக வேண்டும். இரண்டாவது விதி, தன் பெயரைச் சொல்ல வேண்டும். மூன்றாவது விதி, உடம்பில் கை வைப்பதற்கு முன் அனுமதி கேட்டு, மூன்று எண்ணும் வரை காத்திருக்க வேண்டும்.

"தாரணி, நான் அன்புக்கரசி. உங்கள் வயிற்றைத் தொடலாமா?"

ஒன்று, இரண்டு, மூன்று. தாரணி மறுக்கவில்லை. மறுக்காததைச் சம்மதம் என்று குறிக்க ஒரு கட்டம் இருந்தது.

பாயில் இருந்த பெண்கள் இதைக் கேட்டுக்கொண்டே படுத்திருப்பார்கள். 'காலை மடக்கு', 'மூச்சைப் பிடி', 'கத்தாதே', இவைதான் அவர்களிடம் சொல்லப்படும் வார்த்தைகள். அன்புக்கரசியும் அவற்றைத்தான் சொல்வாள். ஒருநாள் ஒத்திகை முடிந்து அவள் வெளியே வந்தபோது, பாயில் இருந்த ஒரு சின்னப் பெண் அவள் சீருடை நுனியைப் பிடித்துக் கேட்டாள்.

"உள்ள இருக்கிற அந்தக்கா பெரிய எடமா, சிஸ்டர்?"

பொம்மை என்று சொல்ல அன்புக்கரசிக்கு வாய் வரவில்லை.

"ஆமாம்" என்றாள்.

ஆய்வு நாள் புதன்கிழமை. மதிப்பீட்டாளர் பத்தரை மணிக்கு வருவதாக இருந்தது. இருபத்தொரு பேர் பதின்மூன்று படுக்கையில் இருக்கக் கூடாது என்பதால் எட்டுப் பேரை மொட்டைமாடிக்கு யோகா வகுப்பென்று ஏற்றிவிட்டார்கள். முந்தாநாள் பிரசவித்தவர்கள் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். குழந்தைகளையும் கொடுத்தனுப்பினார்கள். பிரசவ அறையின் இரண்டு மேசைகளில் ஒன்றில் ஒரு பெண் இருந்தாள். மற்றதைப் புதிதாகப் பெயிண்ட் அடித்து, சண்முகசுந்தரம் திறந்துவைப்பதற்காகக் குறுக்கே ரிப்பன் கட்டியிருந்தார்கள்.

ஒன்பது நாற்பதுக்குப் புஷ்ரா வந்தாள். ஆட்டோவிலிருந்து இறங்கும்போதே ஒரு கையால் ஹாஜிரா பீயையும் மறு கையால் கம்பியையும் பிடித்திருந்தாள். கோபாலபுரத்திலேயே ஒரு சின்னப் பள்ளியில் எல்.கே.ஜி. டீச்சர். போன வெள்ளிக்கிழமை வரை வேலைக்குப் போனவள். அன்புக்கரசி பரிசோதித்தாள். கர்ப்பப்பை வாய் பாதி திறந்திருந்தது. முதல் பிரசவத்துக்கு வேகம்தான்.

அவள் ஆனந்தகுமாரைத் தேடிப் போனாள். வாசலில் போட்ட கோலத்துக்கு மேல் யாரும் நடக்காமல் காவல் நின்றுகொண்டிருந்தான்.

"சார், ஒரு கேஸ் வந்திருக்கு. படுக்கை வேணும்."

"மேல யோகாவுக்கு அனுப்புங்க."

"வலி வந்திருக்கு சார்."

"அப்போ மூச்சுப் பயிற்சி."

"சார், பொம்மைய ஒரு மணி நேரம் எடுத்து வச்சிட்டா…"

அவன் பதறிப்போய்ச் சுற்றும் பார்த்தான். "பேரைச் சொல்லுங்க சிஸ்டர். தாரணி. மாதிரிப் படுக்கையே அதான். நூத்தி ரெண்டு விதியும் அந்த ஒரு படுக்கையிலதான் ஓடுது. அதை எடுத்தா மிச்சம் இருக்கிறது வார்டு."

"அப்ப பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பிடலாமா? ராயப்பேட்டை பக்கம்தானே."

"வெளிய அனுப்பினா அனுப்பின கணக்குல வரும். நம்ம கணக்கு பூஜ்யம். மூணு வருஷமா பூஜ்யம்." அவன் குரலைத் தாழ்த்தினான். "பட்டியல்ல மூணாவது பேரு உங்களுது."

அட்மிட் செய்யப் படுக்கை எண் வேண்டும். படுக்கை இல்லாததால் புஷ்ராவுக்கு எண் கிடைக்கவில்லை. எண் இல்லாததால் கணினிக் கணக்கில் அவள் வரவே இல்லை. வார்டில் காலியாக இருந்த ஒரே இருக்கை பதினாலாம் படுக்கையின் திரைக்குள்ளே, உடன் இருப்பவருக்கென்று போட்டிருந்த பெஞ்சு. அறுபத்தேழாவது விதி: பிரசவத்தின்போது தாய்க்குப் பிரியமான ஒருவர் உடன் இருக்க வேண்டும். அன்புக்கரசி புஷ்ராவை அதில் உட்காரவைத்தாள். ஆனந்தகுமார் வந்து எட்டிப்பார்த்தான். முகம் மலர்ந்தது. பதிவேட்டைத் திறந்து, 'உடன் இருப்பவர்' என்ற இடத்தில் புஷ்ரா என்று எழுதிக்கொண்டான். மூன்று மாதமாகக் காலியாக இருந்த கட்டம் அது.

"ஒருத்தருக்குத்தான் அனுமதி" என்று சொல்லி ஹாஜிரா பீயை வெளியே அனுப்பினார்கள்.

"நான் அவ அம்மா" என்றாள் ஹாஜிரா பீ.

"நோயாளியோட அம்மாவா?"

"என் பொண்ணோட அம்மா!"

"உங்க பொண்ணு நோயாளி இல்லம்மா. அவங்க உடன் இருக்கிறவங்க. உடன் இருக்கிறவங்களுக்கு உடன் இருக்கிறவங்க அனுமதி இல்ல."

கேட் வரைக்கும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். அவள் பார்த்தது அன்புக்கரசியைத்தான். அன்றைக்குச் சொன்னது நினைவிருக்கிறதா என்று கேட்பது போலிருந்தது.

மதிப்பீட்டாளர் நீரஜா வர பதினொன்றாகிவிட்டது. கதர்ப் புடவை, கழுத்தில் மூக்குக்கண்ணாடி. சண்முகசுந்தரம் வாசலில் மாலை போட்டார். ரிப்பன் வெட்டினார்கள். பிறகு வார்டுக்கு வந்து, பதினாலாம் படுக்கையின் கதவுக்கு முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்கள். நாற்பத்தொன்றாவது விதிப்படி மதிப்பீட்டாளர் தாயைப் பார்க்கக் கூடாது. தாயின் அந்தரங்கம் காக்கப்பட வேண்டும். தாளைத்தான் பார்க்க வேண்டும்.

நீரஜா தாளைப் பார்த்தாள். பக்கம் பக்கமாகப் புரட்டினாள்.

"பிரமாதமான பி.பி." என்றாள்.

திரைக்குள்ளே புஷ்ரா பெஞ்சிலிருந்து சரிந்து தரைக்கு வந்திருந்தாள். டியூட்டி டாக்டர் சரண்யா ஆபரேஷன் தியேட்டரில் இருந்தாள். பட்டம்மா பொம்மையின் மேல் கிடந்த அரக்குப் பட்டை ஒரே இழுப்பில் உருவித் தரையில் விரித்தாள்.

"பட்டுச்சேலை பட்டம்மா!" என்று அன்புக்கரசி வாயசைத்தாள்.

"கெடக்குது. தல தெரியுது பாரு."

தலை தெரிந்தது. அன்புக்கரசி மண்டியிட்டாள். கையுறை மாட்டினாள். வெளியே நீரஜா கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அனுமதி கேட்டுத்தான் தொடறீங்களா?"

"ஒவ்வொரு தடவையும் மேடம்" என்றான் ஆனந்தகுமார். "மூணு எண்ணுவோம்."

புஷ்ராவின் உடம்பு வில்லாக வளைந்தது. வாய் திறந்தது. உள்ளேயிருந்து சத்தம் ஏறி வருவதை அன்புக்கரசி பார்த்தாள், தொண்டையில் பார்த்தாள். இடது கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த வாயை உள்ளங்கையால் பொத்தினாள். கேட்கவில்லை. எண்ணவில்லை. பல் பதிந்தது. சூடான மூச்சு விரலிடுக்கில் பீறியது. புஷ்ராவின் கண்கள் அவள் கண்களையே பார்த்தன. அவற்றில் வலி இருந்தது. வலிக்கு மேலே ஆச்சரியம் இருந்தது.

"கொஞ்ச நேரம்" என்று காதருகே சொன்னாள் அன்புக்கரசி. "கொஞ்ச நேரம்தான். ஆய்வு நடக்குது."

பதினொன்று இருபதுக்குக் குழந்தை பட்டம்மாவின் கைக்குள் விழுந்து அழுதது. அதன் வாயைப் பொத்த யாருக்கும் தோன்றவில்லை.

வெளியே பேச்சு நின்றது.

"என்னது அது?" என்றாள் நீரஜா.

ஆனந்தகுமார் இரண்டு விநாடி எடுத்துக்கொண்டான். மூன்று எண்ணியிருக்கலாம்.

"பிரசவம் மேடம். தாரணி. பதினாலாம் படுக்கை."

"இப்பவா?"

"இப்பத்தான்."

"அம்மா சத்தமே கேக்கலையே!" நீரஜா எழுந்து நின்றுவிட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். "சார், இருபத்திரண்டு வருஷமா ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா போயிட்டிருக்கேன். கத்தாத தாயை நான் பார்த்ததே இல்ல. கண்ணியம்னா இதுதான். வலியே இல்லாத மாதிரி வெச்சிருக்கீங்க. நூத்தி ரெண்டுக்கு நூத்தி ரெண்டு போடறேன்."

அவள் இப்போதும் பார்க்கவில்லை. விதி அப்படி.

சண்முகசுந்தரம் மதிப்பீட்டாளர் இல்லை என்பதால் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். கதவைத் தட்டவில்லை. தரையில் கிடந்தவளைப் பார்த்துத் திடுக்கிட்டார்.

"இது யாரு?"

"உடன் இருக்கிறவங்க, அண்ணாச்சி" என்றான் ஆனந்தகுமார்.

"ரொம்பக் களைச்சுக் கெடக்காளே."

"முதல் தடவை அண்ணாச்சி. பழக்கமில்ல."

பிறந்த குழந்தையைத் தாயின் வெறும் மார்பில் போட வேண்டும் என்பது எழுபத்திரண்டாவது விதி. அதற்குப் புகைப்படச் சான்று வேண்டும். புஷ்ராவின் முடி முகத்தில் ஒட்டியிருந்தது. நைட்டி நனைந்திருந்தது. படத்துக்கு ஆகாது என்று சண்முகசுந்தரம் அபிப்பிராயப்பட்டார். கட்டிலைப் பார்த்தார். அங்கே தாரணி வாரிய தலையோடு படுத்திருந்தாள்.

"இதுல போடு. முகத்துக்கு மேல ஒரு பூப்படம் போட்டு மறைச்சிரலாம். எப்படியும் மறைக்கத்தான செய்யணும்."

பட்டம்மா குழந்தையைக் கொடுக்கவில்லை. "தாய் கீழ கீது சார்" என்றாள்.

"குடு பட்டம்மா" என்றாள் அன்புக்கரசி. அவள்தான் வாங்கினாள். அவள்தான் போட்டாள்.

குழந்தை ரப்பர் மார்பில் கன்னத்தை வைத்தது. தலையை இப்படியும் அப்படியும் அசைத்தது. வாயைத் திறந்து தேடியது. ஆனந்தகுமார் செல்போனைத் திருப்பிப் பிடித்து இன்னொன்று எடுத்தான். குழந்தை மறுபடியும் தேடியது. தரையிலிருந்து புஷ்ராவின் கை ஒன்று எழுந்து கட்டில் விளிம்பைத் தடவியது. அன்புக்கரசி எண்ணிக்கொண்டிருந்தாள். பதினொன்று வரை எண்ணினாள். அதற்குப் பிறகுதான் குழந்தையை எடுத்துத் தாயிடம் கொடுத்தாள்.

சரண்யா வந்து இரண்டு தையல் போட்டாள். கேஸ் ஷீட் கேட்டாள். தாரணியுடையதைக் கொடுத்தார்கள். "பி.பி. நல்லா இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

பிரசவக் குறிப்பை எழுத வேண்டியது அன்புக்கரசி. ஆனந்தகுமார் பக்கத்தில் நின்றான். "யோசிச்சுப் பாருங்க சிஸ்டர். எத்தனை பிரச்சினை ஒரேயடியா தீருது! தாரணிக்குப் பிரசவம் ஆயிடுச்சு. இனி டிஸ்சார்ஜ் பண்ணலாம். பதினாலு காலியாகும். அந்தப் பொண்ணையே அதுல படுக்க வெச்சுக்கோங்க. நான் தடுக்கலையே?"

அவள் எழுதினாள். தாய், தாரணி. சுகப் பிரசவம். பெண். இரண்டு கிலோ எழுநூறு. நேரம் பதினொன்று இருபது. தாயும் சேயும் நலம். கீழே கையெழுத்துப் போட்டாள்.

பொம்மை கேடயங்களோடு பொருள் அறைக்குப் போனது. இப்போது அங்கே இடம் இருந்தது. தேடியபோது கிடைத்தது.

வெள்ளிக்கிழமை சான்றிதழ் வந்தது. நுழைவாயிலில் பேனர் கட்டினார்கள். ரப்பர் மார்பில் ஒரு குழந்தை. தாய் முகத்துக்கு மேல் ஒரு தாமரை. கீழே, 'ஒரு சத்தம் இல்லை, ஒரு குறை இல்லை' என்று சண்முகசுந்தரத்தின் வாசகம். அன்று காலையே அன்புக்கரசியின் கையில் நிரந்தர நியமன உத்தரவும் வந்தது. நான்காக மடித்துச் சீருடைப் பையில் வைத்துக்கொண்டாள். குனியும்போதெல்லாம் அது குத்தியது.

பத்து மணிக்கு ஹாஜிரா பீ கவுண்டரிலிருந்து ஒரு தாளோடு வந்தாள். பிறப்பு அறிக்கை. தாய்: தாரணி. தந்தை: அறங்காவலர் குழு.

"இன்னா சார் இது? எம் மருமகன் ஷரீஃப் ஆம்பூர்லேர்ந்து வந்துக்கினு இருக்காரு. அவருக்கு நான் இன்னா சொல்லுவேன்? யாரு சார் இந்தக் குழு?"

"அமைதியா இருங்கம்மா" என்றான் ஆனந்தகுமார். "பேரை மாத்தணும்னா தாய் நேர்ல வந்து கையெழுத்துப் போடணும்."

"தாய் அதோ படுத்துக்கினு இருக்கா!"

"அவங்க உடன் இருந்தவங்க. தாய் டிஸ்சார்ஜ் ஆயிட்டாங்க. சிஸ்டர், நீங்களே சொல்லுங்க, கேஸ் ஷீட்ல என்ன இருக்கு?"

ஹாஜிரா பீ அன்புக்கரசியைப் பார்த்தாள்.

"தாரணினுதான் இருக்கு" என்றாள் அன்புக்கரசி. அது உண்மைதான். அப்படித்தான் இருந்தது.

ஹாஜிரா பீ கத்தவில்லை. முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள்.

ஆனந்தகுமாருக்கு அவள் மேல் இரக்கம் வந்தது. அவன் கெட்டவன் இல்லை. அரை மணி நேரம் தன் அறையில் உட்கார்ந்து, எல்லோருக்கும் பொருந்துகிற ஒரு வழியைக் கண்டுபிடித்துத் தட்டச்சு செய்துகொண்டு அன்புக்கரசியிடம் வந்தான்.

"பதிவை மாத்த முடியாது. மாத்தினா சான்றிதழ் போயிடும். உங்க உத்தரவும் போயிடும். ஆனா தாய் தன் குழந்தைய யாருக்கு வேணா மனசார ஒப்படைக்கலாம் இல்லையா? தாரணி ஒப்படைக்கிறாங்க. இந்தப் பொண்ணு வாங்கிக்கிறாங்க. குழந்தை அவங்ககிட்டயே போயிடும். யாருக்கும் நஷ்டம் இல்ல. ஒரு கையெழுத்து வாங்கிட்டு வந்துடுங்க சிஸ்டர். நீங்க கேட்டா போடுவாங்க. உங்க கையிலதானே பிரசவம் ஆச்சு."

அன்புக்கரசி படிவத்தோடு வார்டுக்குப் போனாள். பதினாலாம் படுக்கைக்கு முன்னால் அந்தப் பழைய கதவு இன்னும் நின்றுகொண்டிருந்தது. அவள் கை தானாக எழுந்து அதைத் தட்டியது. சுற்றிக்கொண்டு உள்ளே போனாள்.

புஷ்ரா சுவரில் சாய்ந்து குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். குழந்தையின் கணுக்காலில் 'தாரணியின் பெண்' என்ற பட்டை. போகும்போது அதை வெட்டி எடுக்க வேண்டும்.

"நான் அன்புக்கரசி" என்றாள். ஒத்திகைப் பழக்கம் நாக்கில் ஓடியது. "உங்கள் குழந்தையின் காலைத் தொடலாமா?"

ஒன்று, இரண்டு, மூன்று.

புஷ்ரா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு அன்புக்கரசியின் இடது கையைப் பார்த்தாள். உள்ளங்கையோரம் நான்கு பல் தடம் ஊதாவாகக் கிடந்தது.

"இன்னிக்குக் கேக்கறீங்க" என்றாள்.

அன்புக்கரசி கையைச் சீருடைப் பைக்குள் விட்டாள். அங்கே உத்தரவு இருந்தது. கையை வெளியே எடுத்தாள்.

"அது என்ன பேப்பர் சிஸ்டர்?"

கொடுத்தாள். புஷ்ரா குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது போல வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தாள். 'தாரணி ஆகிய நான், என் குழந்தையை, பிரசவத்தின்போது என்னுடன் இருந்த புஷ்ராவிடம் மனமுவந்து ஒப்படைக்கிறேன்.' அதன் கீழே தாரணியின் கைநாட்டு ஏற்கெனவே இருந்தது. ரேகை இல்லாத, வழவழப்பான நீல வட்டம். புஷ்ராவின் விரல் அந்த வட்டத்தின் மேல் கொஞ்ச நேரம் நின்றது.

"அந்த பொம்மையா?"

"ஆமாம்."

விரல் கீழே இறங்கியது. 'பெற்றுக்கொள்பவர்.' அதைத் தாண்டிப் போனது. தாளின் அடியில் நின்றது. அங்கே பேனாவால் எழுதுவதற்கு இடம் விட்டிருந்தது.

புஷ்ரா பேனாவை வாங்கிக்கொள்ளவில்லை. தாளைத் திருப்பி அன்புக்கரசியின் பக்கமாகக் கட்டிலில் வைத்தாள். குழந்தை ஏப்பம் விட்டது. அதன் முதுகைத் தட்டிக்கொண்டே, குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

"சாட்சி, பிரசவம் பார்த்த நர்ஸ்னு இருக்கு. 'நான் கண்ணால் கண்டது'னு போட்டு நாலு வரி விட்டிருக்காங்க. என்ன எழுதப் போறீங்க, சிஸ்டர்?"